மனநல சமூகப்பணியா, குடும்ப சிகிச்சையா: எதை முதலில் படிப்பது?

சமூகப்பணி முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ.வில் முதலாண்டு முடிந்து சிறப்புப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாட்களில் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மருத்துவமனையில் மனநல சமூகப்பணியாளராகச் சேர்வதா, குடும்ப சிகிச்சையைக் கற்றுக்கொண்டு தனியாக ஆலோசனை அறை வைப்பதா? உளவியலில் முதுகலை முடித்தவர்களும் இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்கிறார்கள். இரண்டும் அடுத்தடுத்து இருக்கும் இரு கதவுகள், ஒன்றைத் திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. இந்தியாவில் நிலைமை அப்படியில்லை. மனநல சமூகப்பணி சட்டத்தில் பெயர் சொல்லி வரையறுக்கப்பட்ட தொழில். குடும்ப சிகிச்சைக்கு இங்கே சட்டப்படியான பதிவேடோ தனி உரிமமோ கிடையாது. ஏற்கெனவே ஒரு தொழிலில் இருப்பவர் மேற்கொண்டு கற்றுக்கொள்ளும் திறனாகவே அது வளர்ந்திருக்கிறது. ஆகையால் இரண்டில் எது என்று கேட்டுக்கொண்டு தவிப்பதைவிட, எதை முதலில், எதை அடுத்து என்று வரிசைப்படுத்திக்கொள்வதே பயன் தரும் என்பது என் கருத்து.

ஒரே வீடு, இரண்டு வரைபடங்கள்

வரிசையை முடிவு செய்வதற்கு முன் இரண்டு வேலைகளின் தன்மையும் கண்முன் நிற்க வேண்டும். அதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை செய்யும் தந்தை, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தாய், மணமாகிப் பக்கத்து ஊரில் வாழும் மூத்த மகள், மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுத்துவந்த இருபத்திரண்டு வயது மகன். மகன் மாத்திரையை நிறுத்திவிட்டான். ஒரு மாதமாக அறையைவிட்டு வெளியே வருவதில்லை.

மனநல சமூகப்பணியாளர் இந்த வீட்டைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்விகள் வீட்டுக்கு வெளியேயும் நீளும். மருத்துவமனைக்கு அழைத்து வர ஒரு நாள் கூலி போகிறதா? அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதே மாத்திரை கிடைக்க ஏற்பாடு செய்ய முடியுமா? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மனநோயையும் உள்ளடக்கியிருப்பதால், மனநோயால் வரும் இயலாமையை அளக்கும் ‘ஐடியாஸ்’ என்ற இந்திய அளவுகோலின்படி மதிப்பீடு செய்து, இயலாமை 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று கிடைத்தால் என்னென்ன உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்? மகளின் புகுந்த வீட்டாருக்கு இந்த நோய் தெரியுமா, தெரிந்தால் என்ன ஆகும் என்று தாய் அஞ்சுகிறாரா? பதில்களைத் தேடி அவர் வீட்டுக்கே போவார், படிவம் நிரப்புவார், அலுவலகத்தில் காத்திருப்பார், மருத்துவரிடம் திரும்பி வந்து குடும்பத்தின் சார்பில் பேசுவார். நாளின் பாதி உட்கார்ந்து பேசுவதிலும் மறுபாதி அலைவதிலும் கழியும் வேலை இது.

குடும்ப சிகிச்சையாளரும் அதே மாத்திரையிலிருந்துதான் தொடங்குவார். ஆனால் அவருடைய கண் அதைக் கொடுக்கும் கையின் மீதும் வாங்கும் கையின் மீதும் இருக்கும். நால்வரையும் ஒன்றாக உட்காரவைத்து, மகளைப் பார்த்து, “அம்மா மாத்திரையை எடுத்துக்கொண்டு போகும்போது அப்பா என்ன சொல்வார்? அப்பா அப்படிச் சொன்னதும் தம்பி என்ன செய்வான்? அதைப் பார்த்துவிட்டு அம்மா முதலில் யாருக்குப் போன் செய்வார்?” என்று கேட்பார். ஒருவருடைய நடத்தையை இன்னொருவர் வாயால் சொல்லவைக்கும் இந்த உத்தியைச் சுழற்சிக் கேள்வி என்பார்கள். தந்தையின் ஏச்சு மகனை அறைக்குள் தள்ளுகிறது, மகன் அறைக்குள் போனதும் தாய் பதறுகிறார், அந்தப் பதற்றம் தந்தையின் ஏச்சைக் கூட்டுகிறது என்ற வட்டம் அப்போது அவர்களுக்கே தெரிய வரும். குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை இல்லை. அந்த வட்டத்தில் எந்த இடத்தைச் சற்று அசைத்தால் மற்றவை அசையும் என்று பார்ப்பதே வேலை.

இந்த வேறுபாட்டை இரண்டு வரைபடங்களில் காணலாம். சமூகப்பணியாளரான ஆன் ஹார்ட்மன் 1975இல் உருவாக்கிய சூழல் வரைபடத்தில் குடும்பம் நடுவில் ஒரு வட்டமாக இருக்கும். பள்ளி, ஆலை, ரேஷன் கடை, கோயில், மருத்துவமனை, வட்டிக்குக் கொடுத்தவர் எல்லாரும் சுற்றிலும் வட்டங்களாக இருப்பார்கள். எந்த உறவு வலுவானது, எது அறுந்தது, எது உரசலோடு ஓடுகிறது என்பதைக் கோடுகள் சொல்லும். குடும்ப சிகிச்சையில் பயன்படும் தலைமுறை வரைபடத்திலோ ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் இட்டு மூன்று தலைமுறைகளை வரைவார்கள். யார் யாரோடு பேசுவதில்லை, எந்தத் தலைமுறையில் யார் வீட்டைவிட்டுப் போனார், யாருடைய பெயர் அதற்குப் பின் வீட்டில் உச்சரிக்கப்படவில்லை என்பவை அதில் வரும்.

தேர்வில் குழப்பம் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஓர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்கள் சொந்தக் குடும்பத்துக்கு இந்த இரண்டையும் வரையுங்கள் என்பதுதான். சூழல் வரைபடத்தை வரையும்போது, ‘இந்தக் கோட்டைச் சரிசெய்தால் எவ்வளவோ மாறும்’ என்று கை துறுதுறுத்தால் அது ஒரு செய்தி. தலைமுறை வரைபடத்தில் பாட்டியின் வட்டத்துக்கும் சித்தப்பாவின் சதுரத்துக்கும் இடையிலான வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விட்டால் அது வேறு செய்தி. தாளைப் பார்த்துத் தொண்டை அடைத்துக்கொண்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தொழில்களிலும் அந்தத் தாள் உங்களோடு அறைக்குள் வரும்.

இரண்டையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொன்னாலும், வரலாற்றில் அவை பிரிந்தே வளர்ந்தவை அல்ல. குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவராக உலகமே போற்றும் வர்ஜீனியா சட்டிர் சமூகப்பணியில் பட்டம் பெற்றவர். இந்தியாவில், 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்தார். அதே பத்தாண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் நோயாளியோடு குடும்பத்தாரையும் சேர்த்துத் தங்கவைக்கும் முறையைத் தொடங்கியது. பாகாயத்திலுள்ள அதன் மனநல மையத்தில் இன்றும் நோயாளியுடன் உறவினர் தங்குகிறார். இங்கே குடும்பம் மருத்துவமனைக்குள் முதலில் வந்துவிட்டது. குடும்ப சிகிச்சை என்ற தொழிற்பெயர் பின்னால்தான் வந்தது. நம் ஊரில் குடும்பத்தோடு வேலை செய்யக் கற்றுக்கொள்ள மருத்துவமனையைவிடச் சிறந்த இடம் குறைவு என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் யாரைப் பெயர் சொல்கிறது

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 மனநல சமூகப்பணியாளர் யார் என்பதை வரையறுக்கிறது: சமூகப்பணியில் முதுகலைப் பட்டமும், அதன்மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.பில். பட்டமும் பெற்றவர், அல்லது வகுத்துரைக்கப்படும் அங்கீகரிக்கப்பட்ட தகுதி உடையவர். மாநில மனநல ஆணையம் இவர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். எம்.எஸ்.டபிள்யூ.வில் மருத்துவம் மற்றும் மனநலம் என்ற சிறப்புப் பாடத்தை எடுத்த மாத்திரத்தில் இந்தச் சட்டத்தின் பொருளில் ஒருவர் மனநல சமூகப்பணியாளர் ஆகிவிடுவதில்லை. பல மருத்துவமனைகள் எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் முடித்தவர்களையும் சமூகப்பணியாளர்களாக எடுத்துக்கொள்கின்றன; ஆனால் சட்டம் சொல்லும் தகுதி அதற்கு மேல் ஒரு படி.

தேசிய துணைநிலை மற்றும் மருத்துவப் பராமரிப்புத் தொழில்கள் ஆணையச் சட்டம், 2021 இன்னும் விரிவானது. அதன் அட்டவணையில் நடத்தைசார் நலத்துறை என்ற பிரிவின் கீழ் மருத்துவ சமூகப்பணியாளர், மனநல சமூகப்பணியாளர், எச்.ஐ.வி. ஆலோசகர், குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசகர் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. குடும்ப சிகிச்சையாளர் என்ற பெயர் அதில் இல்லை. இதனால் குடும்ப சிகிச்சை செய்வது தவறு என்று ஆகிவிடாது. ‘குடும்ப சிகிச்சையாளர்’ என்று பலகை மாட்டுவதற்கு மட்டும் எந்தத் தகுதியும் தேவைப்படாத நிலையில், உங்கள் பலகைக்கும் மூன்று நாள் பயிற்சி முகாம் முடித்தவரின் பலகைக்கும் வேறுபாட்டை மக்கள் எதை வைத்துக் கண்டுகொள்வார்கள் என்பதே கேள்வி. அவர்கள் கண்டுகொள்ளும்படி உங்கள் பெயருக்குப் பின்னால் நிற்கப்போவது அடிப்படைத் தொழிலின் பட்டம்தான்.

படிப்பில் ஒரு சிக்கலை இப்போதே சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.பில். பட்டத்தையே நிறுத்தியது, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் விலக்கு அளித்து, அந்த விலக்கை 2025–26 கல்வியாண்டு வரை நீட்டித்தது. ஆகவே இனி விண்ணப்பிக்கும்போது, கல்லூரி விளம்பரத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் கையில் வரும் பட்டத்தின் பெயர் என்ன, அது 2017ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் தகுதியாக ஏற்கப்படுமா என்ற இரண்டு கேள்விகளையும் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பி, எழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் ‘அதெல்லாம் செல்லும்’ என்ற பதிலுக்குப் பின்னாளில் மதிப்பிருக்காது.

பாதை எப்படிப் போகிறது

எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு ஆண்டுப் படிப்பு. எந்த இளங்கலைப் பட்டம் பெற்றவரும் பெரும்பாலும் சேரலாம் என்பதால், வணிகவியலோ தமிழோ படித்தவர்களுக்கும் இந்தத் துறைக்குள் வர இதுவே அகலமான வாசல். 1936இல் தொடங்கிய மும்பை டாடா சமூக அறிவியல் கழகம் இந்தியாவில் இந்தப் படிப்புக்கு முன்னோடி. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் 1952இல் உருவான மெட்ராஸ் சமூகப்பணிக் கல்லூரி எழும்பூரில் இருக்கிறது. திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் என்று பிற நகரங்களிலும் இந்தப் படிப்பு உண்டு. கல்லூரிகளை ஒப்பிடும்போது கட்டடத்தையும் தரவரிசையையும் பார்ப்பதைவிடக் களப்பணியைப் பற்றி விசாரியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் எந்த நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள், களப்பணிக் குறிப்பேட்டை ஆசிரியர் உண்மையாகப் படிக்கிறாரா, வாரந்தோறும் தனியாக உட்காரவைத்துப் பேசுகிறாரா, இறுதியில் வரும் ஒரு மாதத் தொடர் களப்பயிற்சிக்கு மனநல மருத்துவமனை கிடைக்குமா என்பவற்றை இப்போது படிக்கும் மாணவர்களிடமே கேட்கலாம். குறிப்பேட்டில் வெறும் கையெழுத்து மட்டும் விழும் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் வீணாகப் போகும்.

அடுத்த படியாக, பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம், தேஜ்பூரிலுள்ள கோபிநாத் போர்டோலோய் மண்டல மனநல நிறுவனம் போன்றவை மனநல சமூகப்பணிப் பயிற்சியில் பெயர் பெற்றவை. இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வு உண்டு. பெரியவர்களுக்கான பிரிவு, குழந்தைகள் பிரிவு, போதை மீட்பு, மறுவாழ்வு என்று பயிற்சியாளர் மாறி மாறிப் பணியாற்றுவார். நிம்ஹான்ஸில் குடும்ப மனநலத்துக்கென்றே தனி மையம் உண்டு என்பதை இந்தக் கட்டுரையைப் படிப்பவர்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாதைகளும் ஒரே கூரையின் கீழ் சந்திக்கும் இடம் அது.

உளவியலில் முதுகலை முடித்தவருக்கு வழி வேறு. மருத்துவ உளவியலாளர் ஆக இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த பயிற்சி தேவை. அந்தப் பாதையில் இருப்பவர் குடும்ப சிகிச்சையை மேற்கொண்டு கற்பதற்காக மறுபடி எம்.எஸ்.டபிள்யூ. படிக்கத் தேவையில்லை. குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புகள் நிறைய வருகின்றன. அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தின் நீளத்தைப் பார்க்காமல், நேரடிக் குடும்ப அமர்வுகள் எத்தனை, அவற்றை மூத்தவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தோ பதிவைக் கேட்டோ மேற்பார்வையிடுகிறாரா என்று கேளுங்கள். மேற்பார்வை இல்லாத பயிற்சி, நீச்சலைப் புத்தகத்தில் படிப்பதற்குச் சமம்.

வேலை எங்கே இருக்கிறது

சமூகப்பணிப் பட்டத்தின் பலம் அதன் பரப்பு. மாவட்ட மனநலத் திட்டம், கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், அரசு மருத்துவக் கல்லூரிகள், எச்.ஐ.வி. ஆலோசனை வழங்கும் நம்பிக்கை மையங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், போதை மீட்பு இல்லங்கள், ஸ்கார்ஃப், பேனியன் போன்ற தொண்டு நிறுவனங்கள் என்று பட்டியல் நீளும். உடலுறுப்பு மாற்று மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர் இருப்பது 2011ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பின் கட்டாயமானதால் அங்கும் இவர்களுக்கு இடமுண்டு. குறை என்னவென்றால், அரசுத் திட்டங்களில் பல பணியிடங்கள் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த அடிப்படையில் நிரப்பப்படுபவை. அறிவிப்பில் ‘முற்றிலும் தற்காலிகமானது’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடன் வாங்குவதையும் வீடு மாறுவதையும் தீர்மானியுங்கள்.

குடும்ப சிகிச்சைக்கு என்று மட்டும் அறிவிக்கப்படும் மாதச் சம்பள வேலை அரிது. குடும்ப நல நீதிமன்றச் சட்டம், 1984 நீதிமன்றத்துக்கு ஆலோசகர்களை வழங்குகிறது. ஆனால் அந்த நாற்காலியில் நேரம் குறைவு, வழக்கின் நிழல் அறைக்குள்ளேயே இருக்கும். மற்றபடி தனியார் மனநல மருத்துவமனை, சொந்த அறை, இணையவழி அமர்வு ஆகியவைதான். சொந்த அறை வைப்பவர்கள் தொடக்கத்தில் கணக்கில் கொள்ளாத ஒன்றைச் சொல்கிறேன். தனிநபர் ஆலோசனைக்கு ஒருவர் நேரம் ஒதுக்கினால் போதும். குடும்ப அமர்வுக்கு நால்வர் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்க வேண்டும். ஆகையால் உங்கள் வேலை நேரம் மாலையும் ஞாயிறுமாகத்தான் இருக்கும். நால்வரில் ஒருவர் ‘எனக்கென்ன பைத்தியமா’ என்று வர மறுத்தால் மொத்த அமர்வும் தள்ளிப்போகும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் குடும்ப அமர்வுகளை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்டத் திட்டமிடாதீர்கள். மருத்துவமனை வேலையில் இருந்துகொண்டே மாலை நேரத்தில் தொடங்கலாமா என்று யோசியுங்கள். அதற்கு முன் பணி விதிகள் தனிப் பயிற்சியை அனுமதிக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

உங்களுக்கு எது பொருந்தும்

குடும்பத்தைச் சேர்த்து வைப்பதுதான் குடும்ப சிகிச்சை என்று நம்பி இந்தத் துறைக்கு வருகிறவர்கள் கணிசமானவர்கள். நம் ஊரில் பெரியவர்கள் கூடிப் பேசுவதும், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்து ‘பிள்ளைகளுக்காக அனுசரித்துப் போங்கள்’ என்று சொல்வதும் சமரசம். அதற்கான இடம் அதற்கு உண்டு. சிகிச்சையாளர் எந்த முடிவின் பக்கமும் சாயாமல், ஒவ்வொருவர் பக்கமும் முறை வைத்து நின்று கேட்க வேண்டியவர். மாமியார் முன்னால் வாயே திறக்காத மருமகளைப் பேசவைக்க வேண்டும். பேசவைத்ததற்காக வீட்டுக்குப் போனபின் அவள் தண்டிக்கப்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடியும் மிரட்டலும் நடக்கும் வீடு என்றால் கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைப்பதே ஆபத்து. குடும்ப வன்முறைச் சட்டம், 2005 ஆலோசனைக்கு உத்தரவிடும்போது தனித்தனியாகவோ சேர்ந்தோ என்று இரண்டையும் சொல்வதைக் கவனியுங்கள். இத்தகைய இடங்களில், பாதுகாப்பு அலுவலர் யார், தங்கும் இல்லம் எங்கே, புகார் எப்படி எழுதுவது என்று தெரிந்தவராக, அதாவது சமூகப்பணி தெரிந்தவராக, சிகிச்சையாளர் இருப்பது உயிர் காக்கும்.

ஒரு குடும்பம் உங்கள் முன் சண்டையிடும்போது உங்களுக்கு என்ன நேர்கிறது என்பதும் நேர்மையாகப் பார்க்க வேண்டியது. சிலருக்கு உடனே ஒருவரைக் காப்பாற்றத் தோன்றும். அவர்கள் குழந்தைகள் பாதுகாப்பிலும் நோயாளி உரிமைப் பணியிலும் சிறப்பார்கள், குடும்ப அமர்வில் சீக்கிரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். சிலருக்கு அந்தச் சண்டையின் தாளம் காதில் விழும்; யார் தொடங்குகிறார், யார் இருமுகிறார், எந்தக் குழந்தை அந்த நேரத்தில் தண்ணீர் கேட்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டாமவருக்குக் குடும்ப சிகிச்சை பொருந்தும். அலுவலக வாசலில் காத்திருப்பதும் ஒரே படிவத்தை மூன்றாம் முறை நிரப்புவதும் உங்களைக் கோபப்படுத்தினால் கவலை வேண்டாம், அது எல்லாரையும் கோபப்படுத்தும். அந்தக் கோபத்தோடு மறுநாளும் போய் நிற்க முடிகிறதா என்பதுதான் சமூகப்பணியில் கேள்வி.

இதை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விண்ணப்பிக்கும் முன் ஒரு கோடை விடுமுறையில் மனநலத் தொண்டு நிறுவனம் ஒன்றில் தன்னார்வலராக ஆறு வாரம் இருந்து பாருங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்வதால் சிகிச்சை அமர்வுகளில் உங்களை உட்காரவிட மாட்டார்கள். ஆனால் காத்திருப்போர் கூடத்தில் குடும்பங்கள் எப்படி உட்கார்கின்றன, யார் கையில் கோப்பு இருக்கிறது, யார் பேசுகிறார், நோயாளியிடம் யாராவது எதையாவது கேட்கிறார்களா என்பதை அங்கே நாள் முழுதும் பார்க்கலாம்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால்

நாட்டுக்கு நாடு வரிசை மாறுகிறது. அமெரிக்காவில் இரண்டும் உண்மையிலேயே பக்கத்துப் பக்கத்துக் கதவுகள். கலிஃபோர்னியாவில் ஒரே வாரியம்தான் இரண்டு உரிமங்களையும் வழங்குகிறது. இரண்டுக்கும் முதுகலைப் பட்டம், குறைந்தது 104 வாரங்களில் பரவிய 3,000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி, தேர்வு ஆகியவை உண்டு. திருமண, குடும்ப சிகிச்சை உரிமத்துக்கான மணிகளில் குறைந்தது 500 மணி நேரம் தம்பதியர், குடும்பங்கள், குழந்தைகளோடு கழிந்திருக்க வேண்டும். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு மருத்துவ சமூகப்பணியாளர்களுக்கு நெடுங்காலமாகவே கட்டணம் கொடுத்துவர, குடும்ப சிகிச்சையாளர்களுக்கு 2024 ஜனவரி 1 முதல்தான் அந்த வழி திறந்தது. இந்தியாவில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவரின் பட்டத்தை மதிப்பிட்டுச் சொல்ல அங்குள்ள சமூகப்பணிக் கல்வி மன்றம் தனிச் சேவையே வைத்திருக்கிறது. ஆகவே சென்னையில் பட்டம் பெற்று, திருமணமாகி அங்கே போகிறவருக்குச் சமூகப்பணிப் பாதைதான் சுருக்கமானது.

பிரிட்டனில் இவை ஒன்றன்மேல் ஒன்றான மாடிகள். சமூகப்பணியாளர் என்பது அங்கே சட்டம் காக்கும் பெயர். குடும்ப உளச்சிகிச்சையாளர் ஆவதற்கு வழக்கமாக நான்கு ஆண்டுப் பயிற்சி. அதில் சேருவோர் பெரும்பாலும் சமூகப்பணி, செவிலியம், உளவியல், மருத்துவம் ஆகியவற்றில் ஒன்றில் முன்பே தகுதி பெற்றவர்கள். நம் நாட்டு நிலைமையும் ஏறக்குறைய இதேதான். மேல்மாடிக்குப் பெயர்ப்பலகை மட்டும் இன்னும் மாட்டப்படவில்லை.

ஆகவே இருபத்தோரு வயதில், கையில் ஏதோ ஓர் இளங்கலைப் பட்டத்தோடு குடும்பங்களோடு வேலை செய்ய விரும்புகிறவருக்கு நான் சொல்லும் வரிசை இது: மருத்துவம் மற்றும் மனநலப் பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ., பின் ஓராண்டாவது மருத்துவமனை வேலை, அதன்பின் மனநல சமூகப்பணிப் பயிற்சி, அந்தப் பயிற்சிக்குள்ளேயே கிடைக்கும் குடும்ப சிகிச்சை வாய்ப்புகள், பிறகு மேற்பார்வையுடன் கூடிய குடும்ப சிகிச்சைப் படிப்பு. ஏற்கெனவே உளவியல் முதுகலை முடித்துவிட்டவர் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மருத்துவ உளவியல் பயிற்சியிலிருந்து மேலே ஏறலாம். எந்த வழியில் போனாலும், முதல் சம்பளத்திலிருந்தே ஒரு சிறு தொகையை மாதந்தோறும் மேற்பார்வைக் கட்டணத்துக்கென்று எடுத்து வையுங்கள். மூத்த சிகிச்சையாளர் ஒருவரிடம் மாதம் இரண்டு முறை உங்கள் அமர்வுகளைக் கொண்டுபோய் வைத்துப் பேசும் ஏற்பாட்டை, சொந்த அறைக்கு நாற்காலி வாங்குவதற்கு முன்பே செய்துகொள்ளுங்கள்.